வெள்ளெழுத்துக்கு லேசர்: பவர் பார்க்க உட்கார்ந்ததும் எல்லோரும் கேட்பது

நான் டாக்டர் இல்லை, ஆப்டோமெட்ரிஸ்ட். உங்கள் மூக்கில் அந்தக் கனமான வட்ட ஃபிரேமை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டு உயிரை வாங்குபவள். நாற்பதைத் தாண்டியவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான், அதனால் ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் கேட்கிறவர்களுக்கு அப்படியே அனுப்பிவிடலாமே என்று உட்கார்ந்தேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. உங்கள் கண்ணுக்கு எது பொருந்தும் என்பதைக் கண்ணைப் பார்த்த டாக்டர்தான் சொல்ல முடியும். இது அவர் அறைக்குள் போவதற்கு முன்னால் படிக்க.

செல்போனைத் தள்ளிப் பிடிச்சாத்தான் எழுத்து தெரியுது. கண்ணுல ஏதாவது வியாதியா?

வியாதி இல்லை, வயசு. வெள்ளெழுத்து என்பது இதுதான். பெரியவர்கள் சாளேஸ்வரம் என்பார்கள். இந்தியில் நாற்பதுக்கு சாலீஸ், அதிலிருந்து வந்த பெயர் என்று சொல்வதுண்டு, வயதுக் கணக்கும் பொருந்தத்தான் செய்கிறது. கண்ணின் பாப்பாவுக்குப் பின்னால் ஒரு லென்ஸ் இருக்கிறது. கிட்டத்தில் எதையாவது பார்க்கும்போது அதைச் சுற்றியிருக்கும் தசை சுருங்கும், லென்ஸைப் பிடித்திருக்கும் நூலிழைகள் தளரும், லென்ஸ் உருண்டு தடிக்கும். அப்போதுதான் எழுத்து கூர்மையாகத் தெரியும். வயது ஏற ஏற லென்ஸ் இறுகிப்போகிறது. தசை தன் வேலையைச் செய்தாலும் லென்ஸ் அசைந்துகொடுப்பதில்லை.

பத்து வயதுப் பிள்ளையின் கண் சுமார் 14 டயாப்டர் வரை தானாகவே கூட்டிக்கொள்ளும் (நாம் 'பவர்' என்று சொல்வது இந்த டயாப்டரைத்தான்). 40 வயதில் அது சுமார் நாலரை, 60 வயதில் ஒன்று. 40 செ.மீ. தூரத்தில் புத்தகம் படிக்க இரண்டரை தேவை. அதான் நாலரை இருக்கிறதே என்று கேட்கலாம். ஆனால் இருப்பதில் பாதியைத்தான் கண் அலுக்காமல் தொடர்ந்து செலவழிக்கும். நாலரையில் பாதி இரண்டேகால். அங்கேதான் கணக்கு உதைக்க ஆரம்பிக்கிறது, கையும் நீள ஆரம்பிக்கிறது.

வெள்ளெழுத்தும் தூரப்பார்வையும் ஒண்ணுதானே?

இல்லை. ஆனால் குழம்புவதில் தப்பே இல்லை, ஏனென்றால் 'எனக்குக் கிட்டப்பார்வை' என்று சொல்பவர்களில் பாதிப் பேர் கிட்டத்தில் தெரியவில்லை என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். புத்தகப்படி கிட்டப்பார்வை என்றால் கிட்டத்தில் தெரியும், தூரம் மங்கல், மைனஸ் பவர். தூரப்பார்வை அதற்கு நேர்மாறு, பிளஸ் பவர், பெரும்பாலும் கண்விழியின் நீளம் கொஞ்சம் குறைவாக இருப்பதால் வருவது, சின்ன வயதிலிருந்தே இருக்கும். வெள்ளெழுத்து லென்ஸ் இறுகுவதால் வருவது, யாரையும் விடாது. இரண்டுக்கும் பிளஸ் கண்ணாடி என்பதால் ஒன்றுபோலத் தோன்றும். தூரப்பார்வை உள்ளவர்களுக்கு வெள்ளெழுத்தின் தொல்லை கொஞ்சம் முன்னாலேயே தெரிந்துவிடும்.

கண்ணாடி போட ஆரம்பிச்சா பவர் ஏறிக்கிட்டே போகுமாமே, அதான் லேசரே பண்ணிக்கலாம்னு பாக்குறேன்.

கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் ஏறும். லென்ஸ் தன் பாட்டுக்கு இறுகிக்கொண்டிருக்கிறது, நீங்கள் கண்ணாடி போட்டது அதற்குத் தெரியாது. நாற்பதுகளின் தொடக்கத்தில் பிளஸ் 1, ஐம்பதை ஒட்டி 2, அறுபதில் இரண்டரை அளவில் பெரும்பாலும் நின்றுவிடும்.

இந்தக் கண்ணாடியை மட்டமாக நினைக்க வேண்டாம். அசாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் படிக்கும் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் வெளியான ஆய்வு அது. கண்ணாடி போட்டவர்களின் உற்பத்தி, போடாதவர்களைவிட ஏறக்குறைய 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. விலை குறைந்த சாதாரணக் கண்ணாடிதான்.

சரி, லேசர் வெச்சு இதை ஒரேயடியா சரிபண்ணிட முடியுமா, முடியாதா?

'சரிபண்ணுவது' என்றால் என்ன என்பதைப் பொறுத்தது. கோளாறு உள்ளே இருக்கும் லென்ஸில். லேசர் செதுக்குவது கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கும் கருவிழியை (கார்னியா). இறுகிய லென்ஸைப் பழையபடி இளக வைக்கும் லேசர் ஆராய்ச்சிகள் பல வருடங்களாக நடக்கின்றன. லென்ஸுக்குள் நுண்ணிய கீறல் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், வெள்ளை விழியில் சின்னச் சின்னத் துளை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். எதுவும் வழக்கமான சிகிச்சையாக மாறவில்லை.

ஆகவே இன்று 'வெள்ளெழுத்துக்கு லேசர்' என்று விளம்பரத்தில் வருவது ஒரு கொடுக்கல் வாங்கல். தூரப் பார்வையின் கூர்மையில் கொஞ்சம், இரவு நேரத் தெளிவில் கொஞ்சம், இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழத்தை அளக்கும் திறனில் கொஞ்சம் கொடுத்து, கிட்டப் பார்வையில் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறோம். கொடுப்பது எவ்வளவு, வாங்குவது எவ்வளவு, அது உங்கள் தொழிலுக்குக் கட்டுப்படியாகுமா என்பதுதான் மீதிக் கேள்விகள் எல்லாவற்றிலும் வரப்போகிறது.

அப்போ கருவிழியில என்னதான் பண்ணுவாங்க, எரிப்பாங்களா?

எரிப்பதில்லை. எக்சைமர் லேசர் என்பது 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிர், அது திசுவின் மூலக்கூறுப் பிணைப்புகளை உடைத்து ஆவியாக்கிவிடும், பக்கத்துத் திசு சூடாவதற்குள் வேலை முடிந்துவிடும். லாசிக் என்றால் முதலில் கருவிழியின் மேல் சுமார் 100 முதல் 120 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) தடிப்பில் ஒரு மடலைப் பிரித்து, புத்தக அட்டை மாதிரித் திறந்து, அடியில் செதுக்கிவிட்டுத் திரும்ப மூடுவது. ஒரு டயாப்டருக்கு ஏறக்குறைய 12 முதல் 15 மைக்ரான் போகும். கருவிழியின் மொத்தத் தடிப்பே நடுவில் சுமார் 540 மைக்ரான்தான், அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்னால் தடிப்பை அளக்காமல் யாரும் கைவைப்பதில்லை.

இந்த லேசரில் நம்ம ஊர்ச் சம்பந்தம் ஒன்று உண்டு. மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன் அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்தார். 1981 நவம்பரில் நன்றி நவிலல் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டைக் கொண்டுபோய் எக்சைமர் லேசரின் கீழ் வைத்தார். கருகாமல் வெட்டியது. கூட இருந்தவர்கள் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம். அதைக் கருவிழிக்குக் கொண்டுபோனதில் பெரிய பங்கு கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கலுக்கு. ஆபரேஷன் மேசையில் முடி பொசுங்கியது மாதிரி ஒரு வாடை வந்தது என்று சிலர் வந்து சொல்வார்கள். பயப்பட வேண்டாம், ஆவியான திசுவின் வாடை அது.

ஒரு கண்ணு தூரத்துக்கு, ஒரு கண்ணு கிட்டத்துக்குன்னு டாக்டர் சொன்னாரு. தலை சுத்தாதா?

இதற்கு மோனோவிஷன் என்று பெயர், இருப்பதிலேயே பழைய வழியும் இதுதான். நீங்கள் அதிகம் சார்ந்திருக்கும் கண்ணைத் தூரத்துக்கு விட்டுவிட்டு, இன்னொரு கண்ணை வேண்டுமென்றே கொஞ்சம் மைனஸாக்குவார்கள், பெரும்பாலும் 1.25 முதல் 2 வரை. எந்தக் கண் முதன்மைக் கண் என்று வீட்டிலேயே பார்க்கலாம்: இரண்டு கையையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவில் சின்ன முக்கோண ஓட்டை விட்டு, அதன் வழியே சுவர்க் காலண்டரில் இருக்கும் ஒரு தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது தேதி காணாமல் போகிறதோ அதுதான் முதன்மைக் கண்.

தலை சுற்றுவதைவிட, 'ஏதோ ஒண்ணு சரியில்லை' என்ற உணர்வுதான் முதல் சில வாரங்களில் இருக்கும். மூளை பழகிக்கொள்ளும், எல்லோருடைய மூளையும் பழகுவதில்லை என்பதும் உண்மை. இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: அதே பவரில் கான்டாக்ட் லென்ஸ் போட்டு ஒன்றிரண்டு வாரம் வாழ்ந்து பார்ப்பது. கிளினிக்கில் அரை மணி நேரம் போட்டுப் பார்ப்பது கணக்கில் வராது. வண்டி ஓட்ட வேண்டும், மாடிப்படி இறங்க வேண்டும், கறிவேப்பிலை ஆய வேண்டும், இரவில் எதிரே வரும் விளக்கைப் பார்க்க வேண்டும். இந்த ஒத்திகை இல்லாமல் நேராகத் தேதி கொடுக்கும் இடத்தில் நான் என் அக்காவைச் சேர்க்க மாட்டேன்.

எங்களிடம் வந்த ஒரு நகை ஆசாரி நாலாம் நாளே லென்ஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அவர் கல் பதிக்கும் தூரம் 25 செ.மீ., அதற்கு நாலு டயாப்டர் வேண்டும், ஒத்திகை லென்ஸில் கொடுத்த ஒன்றரையில் அவர் கேட்ட தெளிவு வராது. தவிர பொடிக் கல்லைச் சாமணத்தில் பிடித்து அதன் இடத்தில் உட்கார வைக்க இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழம் காட்ட வேண்டும். "ஒத்தக் கண்ணால கல்லு பதிச்சா கல்லு எங்கம்மா உக்காரும்?" என்றார். அதே மாதம் வந்த ஒரு பள்ளி ஆசிரியை, வருகைப் பதிவேடும் கரும்பலகையும் கண்ணாடி இல்லாமல் தெரிகிறதென்று லென்ஸைத் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் போனார்.

பிரெஸ்பிலாசிக், பிரெஸ்பியாண்ட்னு என்னென்னமோ பேர் சொல்றாங்க. இதெல்லாம் புதுசா?

மோனோவிஷனை நாசூக்காக்கும் முயற்சிகள். பிரெஸ்பிலாசிக்கில் ஒரே கருவிழியில் நடுப்பகுதி ஒரு தூரத்துக்கும் சுற்றுப்பகுதி இன்னொரு தூரத்துக்கும் வருகிற மாதிரி செதுக்குவார்கள். இரண்டு பிம்பமும் ஒரே சமயத்தில் விழித்திரையில் விழும், எது வேண்டும் என்று மூளை தேர்ந்துகொள்ள வேண்டும். பிரெஸ்பியாண்ட் என்பது ஜெய்ஸ் நிறுவனத்தின் முறை. ஒவ்வொரு கண்ணிலும் தெளிவாகத் தெரியும் தூரத்தின் எல்லையைக் கொஞ்சம் நீட்டி, ஒரு கண்ணை ஒன்றரை மைனஸ் அளவில் வைத்து, நடுத்தூரத்தில் இரண்டு கண்ணும் ஒன்றோடொன்று கலந்துகொள்ளும்படி செய்வது. அதனால் பழைய மோனோவிஷனைவிடப் பழகுவது சுலபம்.

பெயர் எதுவானாலும் எந்தத் தூரம் தெளிவாகும் என்று கேளுங்கள். பெரும்பாலும் கம்ப்யூட்டர், செல்போன், சாப்பாட்டுத் தட்டு தெரியும். மாத்திரை அட்டைக்குப் பின்னால் பொடியாக அச்சடித்திருக்கும் தேதிக்கு, அதுவும் மங்கலான வெளிச்சத்தில், கண்ணாடி தேட வேண்டி வரலாம்.

எனக்கு மைனஸ் ரெண்டரை. கண்ணாடியைக் கழட்டினா நல்லா படிக்கிறேன். வயசு 45. லாசிக் பண்ணிக்கட்டுமா?

ஒரு நிமிடம் பொறுங்கள். நீங்கள் ஏற்கனவே ஒரு சொத்தை வைத்துக்கொண்டு அது தெரியாமல் இருக்கிறீர்கள். மைனஸ் இரண்டரை உள்ள கண் கண்ணாடியைக் கழற்றினால் 40 செ.மீ. தூரத்தில் தானாகவே தெளிவாகப் பார்க்கும், லென்ஸ் உருள வேண்டிய அவசியமே இல்லை. முதல் கேள்வியில் சொன்ன அதே இரண்டரை. இரண்டு கண்ணையும் தூரத்துக்குச் சரிசெய்துவிட்டால் அன்றிலிருந்து செய்தித்தாள், சமையல் குறிப்பு, பேரம் பேசும்போது எழுதும் துண்டுச்சீட்டு எல்லாவற்றுக்கும் கண்ணாடி. தூரத்துக் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு கிட்டத்துக் கண்ணாடியை வாங்கிக்கொண்ட கதைதான்.

சிலருக்கு அதுவே நல்ல பேரம். நாள் முழுக்க வெளியே அலைபவர், விளையாடுபவர், தெரிந்தே ஒத்துக்கொண்டால் சரி. சிலருக்கு ஒரு கண்ணை மட்டும் முழுக்கச் சரிசெய்து இன்னொன்றில் ஒன்றரை மீதம் விடலாம், மேலே சொன்ன மோனோவிஷன்தான் அது, ஒத்திகையும் அதே மாதிரிதான். என்னிடம் ஆத்திரத்தோடு வருபவர்கள் இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாதவர்கள். "லட்ச ரூபாய் கொடுத்தேன், இப்போ பில்லைப் படிக்க முடியலை" என்பார்கள். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்திருக்கும்.

நான் 25 வயசுலேயே லாசிக் பண்ணிட்டேன். எனக்கு எப்படி வெள்ளெழுத்து வரும்?

கருவிழிக்குத்தான் பண்ணினார்கள், உள்ளே இருக்கும் லென்ஸுக்கு உங்கள் வயதுதான். எல்லோரையும் போல வரும். கருவிழியில் போதுமான தடிப்பு மிச்சமிருந்தால் மறுபடி லேசர் யோசிக்கலாம், ஆனால் படிக்கும் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்வது ரொம்பச் சுலபம்.

வலிக்குமா? எத்தனை நாள் லீவு போடணும்?

மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுவார்கள், வலி இல்லை. மடல் பிரிக்கும்போது கண்ணை யாரோ அழுத்திப் பிடித்த மாதிரி சில நொடி இருக்கும், பார்வை இருட்டிக்கொண்டு வரும். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து கால் மணி நேரம். அன்று முழுக்க உறுத்தலும் கண்ணீரும் உண்டு. லாசிக் என்றால் இரண்டு மூன்று நாளில் பலர் வேலைக்குப் போய்விடுவார்கள். கண்ணைக் கசக்கக் கூடாது, மடல் விலகிவிடும். கிட்டப் பார்வை நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும், முதல் வாரத்தில் தூரம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பதற வேண்டாம்.

யார் யாருக்குப் பண்ண மாட்டாங்க?

கருவிழி மெலிந்தவர்கள், கருவிழி கூம்பாகப் புடைக்கும் கெரட்டோகோனஸ் உள்ளவர்கள் அல்லது அதன் அறிகுறி உள்ளவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் (சர்க்கரை ஏறி இறங்கினால் பவரும் ஏறி இறங்கும், எதை அளந்து செதுக்குவது?), கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், கண்புரை ஆரம்பித்தவர்கள். சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அளவெடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், கடின லென்ஸ் என்றால் இன்னும் முன்னதாக.

கண் வறட்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெள்ளெழுத்து வயதில்தான் அதுவும் வருகிறது, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இன்னும் அதிகம். மடல் பிரிக்கும்போது கருவிழியின் நரம்புகள் அறுபடுவதால் வறட்சி சில மாதங்களுக்குக் கூடும், சிலருக்கு நீண்டுகொண்டே போகும். ஏற்கனவே ஏசி அறையில் கண் எரிகிறது என்பவர் முதலில் அதற்கு வைத்தியம் பார்க்கட்டும்.

நைட்டுல வண்டி ஓட்டுற தொழில். பண்ணலாமா?

நான் தயங்குவேன். இருட்டில் பாப்பா விரியும், செதுக்கிய பகுதியின் ஓரம் வழியாகவும் வெளிச்சம் நுழையும், எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றி வளையமும் சிதறலும் தெரியும். மோனோவிஷன் என்றால் கூடவே ஒரு கண் தூரத்துக்கு மங்கல். பண்ணிக்கொண்டவர்களில் பலர் இரவில் ஓட்ட மட்டும் தனியாக ஒரு கண்ணாடி வைத்துக்கொள்கிறார்கள். கண்ணாடியை விடத்தானே இத்தனையும் என்று உங்களுக்குத் தோன்றினால் நியாயம்தான்.

ஒரு தடவை பண்ணிட்டா ஆயுசுக்கும் தாங்குமா?

செதுக்கியது அப்படியே இருக்கும், லென்ஸ்தான் நிற்காது. 45 வயதில் பண்ணியவருக்கு உள்ளே கொஞ்சம் நெகிழ்வு மிச்சமிருக்கும், அது 55க்குள் கரைந்துபோக, போதுமாக இருந்த ஒன்றரை போதாமல் போகும். தவிர, தூரம் நன்றாகத் தெரிகிற கண்ணைக் கிட்டத்துக்கு மாற்றுவதற்குக் கருவிழியின் நடுவை மேடாக்க வேண்டும், மைனஸுக்கு நடுவைத் தட்டையாக்குவதைவிட இது கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய நிலைக்குத் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

பின்னாடி கண்புரை வந்தா அந்த ஆபரேஷன் பண்ண முடியாதா?

தாராளமாகப் பண்ணலாம். ஆனால் உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடுவது கருவிழியின் வளைவை அளந்துதான். லேசர் செய்த கருவிழியில் சாதாரணக் கணக்கு தப்பும். மைனஸுக்கு லாசிக் செய்தவருக்குப் பழைய சூத்திரத்தில் கணக்குப் போட்டால் ஆபரேஷனுக்குப் பிறகு எதிர்பாராத பிளஸ் வந்து நிற்கும். இதற்கென்று தனிச் சூத்திரங்கள் இருக்கின்றன, டாக்டருக்கு நீங்கள் லேசர் செய்த விஷயம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

லேசருக்கு முந்தைய பவர், கருவிழி அளவுகள் இருக்கும் தாளை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நிலப் பத்திரம் வைக்கும் பீரோவில் வையுங்கள். இருபது வருடம் கழித்து அந்த ஆஸ்பத்திரி அதே இடத்தில் இருக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கண்புரையே இல்லை, ஆனா லென்ஸையே மாத்திடலாம்னு சொல்றாங்களே?

கோளாறு இருக்கும் இடத்திலேயே கைவைக்கும் வழி இது. இறுகிய லென்ஸை எடுத்துவிட்டுப் பலதூர லென்ஸ் வைப்பது, அதற்கப்புறம் கண்புரை வரவே வராது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் பிளஸ் பவர் உள்ளவர்களுக்கு லேசரைவிட இது பொருத்தமாக இருக்கலாம். ஆனால் கண்ணைத் திறந்து உள்ளே போகும் ஆபரேஷன்: தொற்று அரிது, வந்தால் பெரிது. மைனஸ் அதிகமுள்ளவர்களுக்கு விழித்திரை விலகும் ஆபத்து கூடும். இரவு வளையங்கள் இதிலும் உண்டு. நாற்பத்திரண்டு வயதில் வேலை செய்துகொண்டிருக்கும் லென்ஸை எடுப்பதற்கு நான் அவசரப்பட மாட்டேன்.

சொட்டு மருந்து விட்டாலே கண்ணாடி வேண்டாமாமே?

பைலோகார்பின் என்ற பழைய மருந்துதான், கண்நீர் அழுத்தத்துக்கு (கிளாக்கோமா) பல காலமாகக் கொடுத்து வந்தது. பாப்பாவைச் சுருக்கும், ஊசித்துளை வழியாகப் பார்த்தால் தெளிவாகத் தெரிகிற அதே தத்துவம். சில மணி நேரம் தாங்கும், மங்கலான வெளிச்சத்தில் இன்னும் இருட்டாகத் தெரியும், சிலருக்குத் தலைவலி. வெள்ளெழுத்துக்கென்று அமெரிக்காவில் 2021இல் அனுமதித்தார்கள். இந்தியாவில் 2024இல் ஒன்று அனுமதி பெற்று, கண்ணாடியே தேவையில்லை என்கிற மாதிரி செய்தி பரவி, விளம்பரம் அனுமதியை மீறிப் போனதால் அடுத்த மாதமே மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை நிறுத்திவைத்தது. டாக்டர் சொல்லாமல் எதையும் விட வேண்டாம்.

இன்சூரன்ஸ்ல வருமா?

பெரும்பாலும் வராது. 7.5 டயாப்டருக்குக் குறைவான பவருக்கான சிகிச்சை என்பது நம் மருத்துவக் காப்பீட்டில் வழக்கமான விலக்கு, வெள்ளெழுத்து அந்தக் கோட்டைத் தொடுவதே இல்லை. கைக்காசுதான். சில பத்தாயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். சொல்லும் தொகையில் பரிசோதனை, மருந்து, பிறகு பவர் திருத்த வேண்டியிருந்தால் அதற்கான செலவு எல்லாம் சேர்த்தியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கம்மாவுக்கு 68. எந்த லேசரும் பண்ணாம திடீர்னு கண்ணாடி இல்லாம ஊசில நூல் கோக்குறாங்க. வெள்ளெழுத்து தானா போயிடுமா?

போகாது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கண்புரை லென்ஸின் நடுவில் வளரும்போது லென்ஸ் அடர்த்தியாகி கண் மைனஸ் பக்கம் நகரும், அதனால் கிட்டம் தெரியும், தூரம் மங்கும். பக்கத்தில் ஊசி தெரிகிற சந்தோஷத்தில் எதிர்வீட்டு ஆள் முகம் தெரியாததைச் சொல்ல மாட்டார்கள். கேட்டுப் பாருங்கள்.

நீங்க ஏன் மேடம் பண்ணிக்கலை?

எனக்கு 47, பிளஸ் ஒன்றேமுக்கால். கான்டாக்ட் லென்ஸில் பத்து நாள் ஒத்திகை பார்த்தேன். வீட்டில் பிரச்சினையே இல்லை, செல்போன் ஜோராகத் தெரிந்தது. வேலையில்தான் மாட்டிக்கொண்டேன். கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் கருவியில் இரண்டு கண்ணாலும் சேர்த்துப் பார்த்து ஆழம் கணிக்க வேண்டும், ஒரு கண் ஒத்துழைக்க மறுத்தது. நகை ஆசாரி கேஸ்தான் நானும். நாலு கண்ணாடி வாங்கி அடுப்பங்கரையில் ஒன்று, கைப்பையில் ஒன்று, ஆஸ்பத்திரி மேசையில் ஒன்று என்று போட்டு வைத்திருக்கிறேன். நாலாவதை ரெண்டு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.